சந்தாவும் டியூவும்

(கொடைக்கானலில் ஒரு பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் தாய்மார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

குழுக்கடன் ஏழைப் பெண்களை வாழவைத்ததா, கெடுத்ததா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இப்படித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நம் மலையில் ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். ஒன்றில் பெண்கள் தங்கள் பணத்தைத் தாங்களே சேர்த்து, தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். மற்றொன்றில் வெளியார் பணம் வருகிறது, அதைத் திருப்பி வசூலிக்கப் பெண்களையே காவல் வைக்கிறார்கள். இரண்டுக்கும் 'குழு' என்றே பெயர். அதனால் முன்னது சம்பாதித்த நல்ல பெயரில் பின்னது பிழைக்கிறது, பின்னதன் பாவத்தை முன்னது சுமக்கிறது.

நுண்கடன் என்றாலே வங்கதேசத்து முகமது யூனுஸிடம் போய்விடுவார்கள். 1976-ல் ஜோப்ரா என்ற ஊரில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கொடுத்துத் தொடங்கியவர். 1983-ல் கிராமின் வங்கி, 2006-ல் நோபல் பரிசு. அவரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அக்கம்பக்கத்தாரே பிணை நிற்கும் யோசனை, சென்னை மாகாணத்தில் அதற்கு எண்பது வருஷம் முன்பே பேசப்பட்டது. விவசாயிகள் லேவாதேவிக்காரர்களிடமிருந்து தப்ப வழி என்ன என்று ஆராயும் வேலையைப் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியிடம் அரசு கொடுத்தது. ஜெர்மனியில் ராய்ஃபைசன் ஊர்தோறும் ஏற்படுத்திய கடன் சங்கங்கள் போல இங்கேயும் வேண்டும் என்று 1895-ல் அவர் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. ஆனால் அந்தச் சங்கங்களில் பட்டா வைத்திருந்த ஆண்கள்தான் உறுப்பினர்கள். பெண்கள் உள்ளே வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்களில் ஒருவர் ஜெயா அருணாசலம். கட்சி அரசியலில் இருந்தவர், அதை விட்டு வெளியே வந்து 1978-ல் சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். பூக்காரி, இட்லிக் கடைக்காரி, கூடை சுமந்து காய் விற்பவர் என்று பெண்களைச் சிறு சிறு குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணையாக்கி, தேசிய வங்கிகளில் 4 சதவீத வட்டிக் கடன் வாங்கித் தந்தார். வங்கிக்காரர்கள் அலைக்கழிப்பது தாங்காமல் 1981-ல் சொந்தமாகவே கூட்டுறவு சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். இங்கே அதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னைக்கு வெளியே அந்த அமைப்பு முதலில் போன இடங்களில் ஒன்று, மலையிறங்கினால் நாம் போய்ச் சேருகிற திண்டுக்கல். கறவை மாடு வைத்திருந்த பெண்களுக்காக அங்கே கிளை தொடங்கினார்கள். கிராமின் வங்கி என்று ஒன்று முறைப்படி வருவதற்கும் முந்திய கதை இது.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மதுரை, ராமநாதபுரம் வரை வந்தது. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. 1997-ல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்கள் வளர்ந்தன. புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிப் பெண்களைக் கூட்டிப் போகிற கொத்துத் தலைவியாக இருந்தவர் களஞ்சியத்தின் தலைவியானார். டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. வாஜ்பாய் அவர் காலைத் தொட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் குழு ஆரம்பித்த ஊர்கள் நிறைய.

சரி, நம் மலைக்கு வருவோம். தாண்டிக்குடிப் பக்கம் ஓர் ஊர், பெயர் வேண்டாம். காபி உலர்த்தும் களத்தில் குழுக் கூட்டம். பதினான்கு பெண்கள். நடுவில் ஒரு தகரப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். மாதச் சந்தா ஆளுக்கு நூறு ரூபாய். கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. கந்துவட்டிக்காரன் ஐந்தும் பத்தும் கேட்கிற ஊரில் இது குறைவு. அதைவிட முக்கியம், அந்த வட்டி திரும்பப் பெட்டிக்கே வருகிறது.

அன்றைக்குக் கடன் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார், பத்தாயிரம் கேட்டார். இன்னொருவர் மாமியாரை வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆறாயிரம் கேட்டார். பெட்டியில் இருந்ததோ பன்னிரண்டாயிரம் சொச்சம். யாரும் ஓட்டெடுக்கவில்லை. "காதுகுத்துக்கு மொய் வரும்ல மதினி, ஆஸ்பத்திரிக்கு யாரு மொய் எழுதுவா?" என்றார் மூலையிலிருந்த ஒரு வயசான அம்மா. அவ்வளவுதான். ஆறாயிரம் ஆஸ்பத்திரிக்கு, ஐயாயிரம் காதுகுத்துக்கு. தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். காதுகுத்துக்காரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் எழுந்து போகவில்லை.

இந்தப் பேச்சுதான் மகளிர் குழுவின் உண்மையான ஆதாயம் என்பது என் கட்சி. பணம் சின்னது. ஆனால் யாருக்கு எப்போது என்ன தேவை, எது முந்தி, எது பிந்தி என்று பதினான்கு பெண்கள் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அதில் பண்ணையார் வீட்டுப் பெண் இல்லை, புருஷன்மார் இல்லை. வீட்டில் ஒரு மிக்ஸி வாங்கக்கூட வாய் திறக்காதவர் அங்கே பன்னிரண்டாயிரத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறார். வங்கியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறார். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்கிறார். 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. அதன்படி 2019-ல் ஊரகத் தேர்தல் நடந்தபோது, வேட்பாளர் தேடிய ஊர்களில் முதலில் கண்ணில் பட்டவர்கள் குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும்தான். ஜெயித்த பிறகு கணவர் வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது, தெரியும். அதற்கு இன்னொரு கூட்டம் போடவேண்டும்.

இனி அடுத்த களத்துக்குப் போவோம். அதே ஊர், அநேகமாக அதே பெண்கள். காலை ஏழு மணி, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் வருவதற்கு முன்னால். வத்தலக்குண்டிலிருந்து பைக்கில் நுண்கடன் கம்பெனியின் வசூல் பையன் ஒருவன் ஏறி வருகிறான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும், குளிரில் உதடு வெடித்திருக்கிறது. இந்த வசூல் கூட்டத்தைச் 'சென்டர்' என்கிறார்கள். எல்லோரும் வரிசையாக உட்காரவேண்டும். டியூ அட்டையும் பணமும் கையில் இருக்கவேண்டும். அன்று ஒருவர் வரவில்லை. அவர் டியூவைக் கட்டாமல் யாரும் எழுந்து போகமுடியாது. ஜீப் ஹாரன் அடிக்கிறது. ஆளுக்கு இருநூறு போட்டுக் கட்டிவிட்டு ஓடுகிறார்கள். போகிற வழியில் வராதவர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையை நான் இந்த மேடையில் சொல்ல முடியாது. முந்தின வாரம்வரை திட்டியவர்களும் திட்டு வாங்கியவரும் ஒரே பாத்தியில் களை எடுத்தவர்கள்.

அந்தப் பையனை வில்லனாக்க வேண்டாம். வசூல் குறைந்தால் அவன் சம்பளத்தில் கைவைப்பார்கள், அவன் வீட்டிலும் ஒரு டியூ அட்டை இருக்கலாம். ஏற்பாட்டைத்தான் பார்க்கவேண்டும். இரண்டு இடத்திலும் பெண்கள்தான் ஒருவருக்கொருவர் பிணை. முதல் களத்தில் ஒருவர் கட்டத் தவறினால் ஏன் என்று கேட்க நேரம் இருக்கிறது. நஷ்டம் அவர்கள் பணத்துக்குத்தான், தள்ளிவைப்பதும் அவர்கள் இஷ்டம். இரண்டாம் களத்தில் தள்ளிவைக்கும் அதிகாரம் அங்கிருக்கும் யாருக்குமே இல்லை, பைக்கில் வந்தவனுக்கும் இல்லை. மிச்சம் இருப்பது மானம் ஒன்றுதான். அதைத்தான் அடமானமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், பயப்படாதீர்கள். 50,000 ரூபாய் கடன், குறையும் நிலுவைக்கு 24 சதவீத வட்டி, இரண்டு வருஷத் தவணை. மாத டியூ சுமார் 2,645 ரூபாய். மொத்தம் கட்டுவது 63,500-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது வட்டி 13,500-ஐ ஒட்டி. தண்டல்காரரோடு ஒப்பிட்டால் இது மலிவு, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாளில் வாங்கிவிடுகிறார்கள். வருஷக் கணக்கில் பார்த்தால் எண்பது சதவீதம் பக்கம் போகும். ஆகவே கம்பெனிக் கடன் வாங்கிய பெண் ஏமாந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கணக்குத் தெரிந்தே வாங்குகிறார். சிக்கல் வட்டியைக் காட்டிலும் நாட்காட்டியில் இருக்கிறது.

காபி எப்போது பழுக்கிறது? கீழ்மலையில் நவம்பர் முதல் ஜனவரி, மிஞ்சினால் பிப்ரவரி. மிளகு அதன் பின்னால். மேல்மலையில் மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, பூம்பாறைப் பக்கம் பூண்டு போட்டால் கைக்கு வர நாலு மாதத்துக்கு மேல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு. வடுகபட்டி மண்டியில் ஒரு வருஷம் விலை எங்கேயோ ஏறும், இன்னொரு வருஷம் விதைப்பூண்டு வாங்கிய காசுகூடத் தேறாது. அதுவும் மண்டிக்காரர் முன்னாலேயே கொடுத்த பணத்தைக் கழித்துக்கொண்டு, கமிஷனையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார். வருஷத்தில் ஒரு தரம், இரண்டு தரம் காசு பார்க்கிற குடும்பத்திடம் மாதாமாதம், வாராவாரம் டியூ கேட்டால் அது எங்கிருந்து வரும்? கூலியிலிருந்து வரும். ஜூலை மழையில் கூலி வேலையும் இல்லையென்றால் இன்னொரு கம்பெனிக் கடனிலிருந்து வரும். அதற்குப் பிறகு தோடு. அதற்குப் பிறகு தண்டல்காரர். மலிவான கடனை அடைக்க விலை உயர்ந்த கடன் வாங்குகிற விநோதம் இப்படித்தான் வருகிறது. நுண்கடன் நுழைந்த ஊரில் கந்துவட்டி ஒழியும் என்றார்கள். அது ஒழியவில்லை, டியூ தேதிக்கு முந்தின நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நகரத்தின் கதை வேறு மாதிரி. கொடைக்கானல் டவுனில் சாக்லேட் கடை, லாட்ஜ் துணி துவைப்பு, ஏரிக்கரையில் சோளக்கதிர் வண்டி என்று தினமும் காசு புரளும் தொழில்கள். அங்கே வாரத் தவணை பொருந்துகிறது. வண்டி வாங்க, சரக்கு எடுக்கக் கடன் உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் மலைப்பாதை மூடியபோது என்ன ஆயிற்று? ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் முடிய ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. பல இடங்களில் அந்தச் சலுகையைப் பெண்களுக்குச் சொல்லவே இல்லை, கம்பெனிக்காரர்கள் போனில் டியூ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றது அப்போதுதான்.

இன்னும் உள்ளே போனால் பளியர் குடியிருப்புகள். பத்து வீடு, பதினைந்து வீடு. தேன், கடுக்காய், கல்பாசி, எஸ்டேட் கூலி. அங்கே பலருக்குப் பட்டா கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006-லேயே வந்தும் காகிதம் கைக்கு வரத் தாமதம். வங்கிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். மலைவாழ் மக்கள் பகுதியில் ஐந்து பேர் சேர்ந்தாலே குழு தொடங்கலாம் என்று விதியில் இளக்கம் உண்டு. ஆனால் அந்தக் குழுவின் கணக்கை எழுத ஆள் வேண்டுமே. மறுபக்கம், கடன் கம்பெனிகளும் அந்தப் பாதையில் ஏறுவதில்லை, பைக் போகாது. அதை நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் எஸ்டேட் முன்பணத்தைப் பார்க்காதவர்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் இந்த மலையில் வாட்டில் பட்டை உரிக்கவும் மரம் வெட்டவும் ஒப்பந்ததாரர்களின் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த காலம் ஒன்று உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில் இது நடந்தது. கடன் கிடைக்காத இடத்தில் ஆளையே எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு வேறு ஊருக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, அதில் பாதியில் மட்டும் நுண்கடன் நிறுவனம் கிளை திறக்க வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் சிலர் அதைப் பெரிதாக்கினார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். டீ, புகையிலை, விசேஷச் செலவு குறைந்தது. பெண்களின் அதிகாரம், பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம் என்று பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. 2015-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருந்தது. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் நம் தென்னாற்காட்டுக் கிராமங்களில் பல வருஷம் சுற்றி 2023-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். குடும்பத்தின் கடனை வாங்குவது, மாற்றுவது, அடைப்பது, அவமானப்படுவது எல்லாம் பெண்ணின் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது என்பது அதன் சாரம். சமையல், துணி துவைப்பு, டியூ. அதற்கும் கூலி கிடையாது.

ஆந்திராவில் இந்தச் சுமை வெடித்தது. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போய்ப் பணத்தை அள்ளியது. அக்டோபரில், கடன் நெருக்கடியில் தற்கொலைகள் என்ற செய்திகளுக்கு நடுவே ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் நின்றது, கம்பெனிகள் ஆட்டம் கண்டன. பிறகு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு, அதைத் தொடர்ந்து விதிகள். வியாபாரம் வேறு மாநிலங்களுக்கு நகர்ந்தது. இன்று நாட்டில் நுண்கடன் அதிகம் நிலுவையில் உள்ள மாநிலங்களில் பீகாரோடு தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளைத் தாய்மார்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குடும்பத்தின் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. பேசிவைத்த பொது இடத்துக்கு நீங்கள் இரண்டு தரம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டி வசூலித்தால் ஐந்து வருஷம் வரை சிறை என்று 2025-ல் நம் சட்டப்பேரவையும் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அதே விதிகள் வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது போலத்தான்.

எனக்கு ஒரு பெரிய சந்தேகம் அந்தப் பாதி வருமானக் கணக்கில்தான். காபிக் கூலிக்காரியின் மாத வருமானம் எந்த மாதத்தினது? டிசம்பரில் கேட்டால் ஒரு தொகை, ஜூலையில் கேட்டால் வேறு. படிவத்தில் டிசம்பரைத்தான் எழுதுகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். இந்தத் தாலுகாவில் கடன் கொடுக்கிற எவரும், வங்கியோ கூட்டுறவோ கம்பெனியோ, டியூவைப் பயிரோடு கட்டட்டும். பயிர்க்கடனில் பட்டாக்காரர்களுக்கு அறுவடைக்குப் பிறகு கட்டும் வசதி இருக்கிறது. பட்டா கணவன் பெயரில், குழுக்கடன் மனைவி பெயரில் என்பதால் மட்டும் மனைவிக்கு அந்த வசதி இல்லாமல் போகவேண்டியதில்லை. மகளிர் குழுக்களின் கூட்டமைப்புகள் இதை ஒரு தீர்மானமாகப் போட்டு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் கொடுக்கலாம். அடுத்தது, கம்பெனிக் கடன் எடுக்கும் முன், வட்டியும் கட்டணமும் எழுதித் தருகிற அந்தத் தாளைக் குழுக் கூட்டத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். காதுகுத்தா, ஆஸ்பத்திரியா என்று பிரித்துப் பார்த்த அந்த அம்மா மாதிரி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் காதில் அது விழட்டும்.

கேள்விகள் இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். மன்னவனூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் முதலில் கேட்டுவிடுங்கள். டியூ அட்டையைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இந்தப் பக்கம் வாருங்கள், காகிதமும் கால்குலேட்டரும் வைத்திருக்கிறேன், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.